இத்தாலிச் சுவரில் ஒரு ஜன்னல்

போன வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரை உடைத்தேன்.

கொத்தனார் உடைத்தார் என்று எழுதினால் இன்னும் கௌரவமாக இருக்கும். ஆனால் முதல் அடி என்னுடையதுதான். சுத்தியலைத் தூக்கிய வலது தோள் இன்னும் வலிக்கிறது. இந்தப் பத்தியைக்கூடத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வாராவாரம் வாசிப்பவர்களுக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்கும். ‘இனி சத்தம் போடாமல், எல்லாருக்கும் நல்லவளாக இருக்கப் போகிறேன்’ என்று போன மாதம்தானே எழுதினாய்? ஆமாம், எழுதினேன். நம்பிவிட்டீர்களா என்ன?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு ‘இத்தாலி வீடு’ என்று பெயர். நாங்கள் வைத்ததல்ல, தெரு வைத்தது. ஆட்டோக்காரரிடம் கதவு எண் சொன்னால் முழிப்பார். இத்தாலி வீடு என்றால் நேரே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கேஸ் சிலிண்டர் வருவதும் அந்தப் பெயருக்குத்தான்.

காரணம் என் கணவர். பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அது பெரிய தொழில். நீங்கள் எந்த ஊரில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாலும், அதில் சுற்றுகிற துணி எங்கள் பக்கத்துத் தறியில் ஓடியதாக இருக்கலாம். பல வருஷம் முன்னால், புது மெஷின் பார்க்க இங்கிருந்து சிலர் இத்தாலிக்குக் கிளம்பினார்கள். இவரும் போனார்.

மெஷின் வாங்கவில்லை. ஆனால் அங்கே மலைச்சரிவில் ஒரு பண்ணை வீட்டில் தங்க வைத்திருக்கிறார்கள். கல் சுவர், சிவப்பு மண் ஓடு பதித்த தரை, கனமான மர மேசை, உத்தரத்திலிருந்து தொங்கும் இரும்பு விளக்கு, ஜன்னலைத் திறந்தால் திராட்சைத் தோட்டம். மனுஷன் சொக்கிப் போய்விட்டார். ஊர் திரும்பி, பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. “கோமதி, நம்ம வீட்ட அப்படியே மாத்திருவோம்” என்றார்.

கவனித்தீர்களா? என்னிடம் கேட்கவில்லை... சொன்னார்.

மாற்றினார். சுவர் முழுக்கக் கடுகு மஞ்சள். அதன் மேல் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பழுப்புத் திட்டுகள். பழைய வீடு மாதிரி தெரிய வேண்டுமாம்! புது வீட்டை மெனக்கெட்டுப் பழசாக்கிய குடும்பம் இந்த ஊரில் எங்களுடையதாகத்தான் இருக்கும். கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு ஆர்ச், அதில் பிளாஸ்டிக் திராட்சைக் கொடி. ஜன்னலுக்கெல்லாம் தங்கக் குஞ்சலம் வைத்த மெரூன் வெல்வெட் திரை. அப்புறம் ஹாலில் குளிர்காய ஒரு கணப்பு அடுப்பு. ஆமாம், ராஜபாளையத்தில். சித்திரை மாதம் மொட்டை மாடியில் கால் வைத்தால் கொப்பளிக்கிற ஊரில் கணப்பு அடுப்பு! அதற்குள் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பல வருஷம் சுகமாகக் குடியிருந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை.

சாப்பாட்டு அறையில் மேற்குப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. திறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. நடுவில் கொஞ்சம் வீடுகள், கொஞ்சம் தென்னை, அதற்கு மேல் முழுக்க மலைதான். ஐப்பசியில் மேகம் இறங்கிவிட்டால் பாதி மலையைக் காணாது. மழை விட்ட மறுநாள் பார்த்தால் பாறையில் வடிகிற தண்ணீர்கூட வெள்ளைக் கோடாகத் தெரியும். எனக்குக் காலைக் காபி அந்த ஜன்னலில்தான்.

அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். ஏன்? சுவர் முழுக்க இத்தாலி மலையை வரைய இடம் வேண்டுமாம்.

நிஜ மலையை அடைத்துவிட்டு, அதே இடத்தில் மலைப் படம். “ஏங்க, இது நியாயமா?” என்றேன். “மலை எங்க போயிரப் போகுது? மாடிக்குப் போனாத் தெரியும்ல” என்றார்.

வரைவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெயின்டர் வந்தார். கடை போர்டு எழுதுவதிலும் தேர்தல் சுவர் எழுதுவதிலும் கெட்டிக்காரர். என் கணவர் போட்டோவைக் கையில் கொடுத்து, இந்த மலை, இந்தத் தோட்டம், உச்சியில் இந்தச் சர்ச் மணிக்கூண்டு என்று விளக்கிவிட்டு யூனிட்டுக்குப் போய்விட்டார். பெயின்டர் மலை வரைந்தார், நன்றாகவே வந்தது. திராட்சை வரைந்தார், கொஞ்சம் பாகற்காய்ப் பந்தல் சாயலில் வந்தது. மணிக்கூண்டு வரைய ஆரம்பித்தபோதுதான் கை தன் போக்கில் போயிருக்கிறது. பிறந்தது முதல் தலையை நிமிர்த்தினால் அந்த மனிதர் பார்த்த உயரமான கட்டடம் ஒன்றுதான். அடுக்கு அடுக்காக ஏற்றி, மேலே கலசம் வைத்து, சாயங்காலம் இவர் வந்து பார்த்தால்... இத்தாலி மலையின் உச்சியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்!

“என்னண்ணே இது?” என்றார் இவர்.

“போட்டோவுல உள்ளது மொட்டையா இருந்துச்சுண்ணே. உச்சியில இதுதான் எடுப்பா இருக்கும்” என்றார் பெயின்டர்.

இவர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அழிக்கச் சொல்லவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் முதலில் காட்டினார். அந்த மனுஷனோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்புக்காக எதையும் மன்னிக்கலாம் என்று தோன்றியது. ஜன்னலைத் தவிர.

அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. மாரடைப்பு. யூனிட்டில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சின் நடுவில் சரிந்துவிட்டார். அதைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன், மறுபடி எழுதத் தெம்பில்லை. மனசு அவரைத் தேடுகிறது. காலையில் காபி போடும்போது கை தானாக இரண்டு டம்ளரை எடுக்கிறது. இது ஒரு விஷயம். சுவர் வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி என் தலையில் வைக்கப் பார்த்தார்கள், அதுதான் பிரச்சினை.

முதலில் என் மதினி. அவருடைய அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கிறார். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். தனியாக நின்று பிள்ளைகளை ஆளாக்கியவர், கண்டிப்புக்குப் பேர் போனவர். காரியமெல்லாம் முடிந்த அன்று, சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் இருந்த என் கணவருடைய நாற்காலியில் ஒரு துண்டை மடித்துப் போட்டார். “இதுல இனிமே யாரும் உக்காரப்படாது” என்றார். சரி என்றேன். “வீட்டுல ஒரு ஆணியக்கூட அசைக்கப்படாது. தம்பி ஆசையாப் பண்ணுனது. அப்படியே பூட்டிப் போட்டுட்டு நீ மகன்கிட்டப் போயிரு. திதிக்கு வந்து தெறந்து வெளக்கேத்துவோம்” என்றார்.

அடுத்தது என் மகன் பிரபு. பெங்களூரில் வேலை. வீடியோ காலில் கம்ப்யூட்டரில் செய்த படமெல்லாம் காட்டினான். வீடு முழுக்கச் சாம்பல் நிறம். சுவரில் சாம்பல் பேனல், தரையில் சாம்பல் டைல்ஸ், சோபாவும் அதே. கோபுரம் இருந்த இடத்தில் இத்தனை பெரிய டிவி.

“அம்மா, இந்த இத்தாலி டஸ்கன் லுக்கெல்லாம் அவுட்டும்மா. நியூட்ரலாப் பண்ணிட்டா யாருக்கு வேணாலும் பிடிக்கும். வாடகைக்கு விட ஈசி.”

“வாடகைக்கா? அப்ப நான்?”

“நீ இங்கதானே வரப் போற?”

“யார்லே சொன்னா?”

அவனுக்குக் குழப்பமாகிவிட்டது. யார் சொல்ல வேண்டும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்கிற முகம். பாசமான பிள்ளைதான், குறை சொல்லவில்லை. இருந்தாலும் ஃபோனை வைத்துவிட்டு யோசித்தேன். மதினிக்கு வீடு பூட்டிவைத்த நினைவுச்சின்னமாக இருக்க வேண்டும். பிரபுவுக்கு வாடகைக்குப் போகிற வீடாக இருக்க வேண்டும். ஏழாம் பொருத்தமான இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். இரண்டு திட்டத்திலும் வீடு இருந்தது. அதில் நான் இல்லை.

பெண்கள் எல்லாருக்கும் இது நடக்கிறதுதானே? கிரகப்பிரவேசத்துக்குப் பாலைக் காய்ச்சச் சொல்வார்கள். திரைக்கு என்ன கலர் என்று பெருந்தன்மையாகக் கேட்பார்கள். சுவர் எங்கே வர வேண்டும் என்று கேட்டதுண்டா? அப்புறம் ஒருநாள் அந்த வீட்டில் நீங்கள் மட்டும் மிஞ்சுவீர்கள். அன்றைக்கு, ‘இனி இது யாருக்கு?’ என்று உங்களை வைத்துக்கொண்டே பேசுவார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். பல மாதமாக அழுதழுது சோர்ந்திருந்தவளுக்கு அந்தக் கோபம் தெம்பாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை காபி டம்ளரோடு வீட்டை ஒரு சுற்று சுற்றினேன். ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் நின்று, இது நிஜமா நடிப்பா என்று பார்த்தேன். தரையில் பதித்த சிவப்பு ஓடு நிஜம். வெறுங்காலில் நடந்தால் மே மாதத்திலும் குளுமை, அது இருக்கட்டும். மேசை நிஜ வேங்கை மரம். மேலே அல்வா மாதிரி வார்னிஷ் அப்பியிருந்தது, அதைச் சுரண்டி எண்ணெய் மட்டும் தேய்த்தால் போதும். இரும்பு விளக்கும் நிஜம், இங்கே பட்டறையில் அடித்ததுதான். மெழுகுவத்தி மாதிரி நடித்துக்கொண்டிருந்த பல்புகளைக் கழற்றிவிட்டு நல்ல பல்பு போட்டேன். ஆர்ச் இருக்கட்டும், இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக வசதியாக இருக்கிறது. கணப்பு அடுப்பிலிருந்து பேட்டரியை மாடிப்படிக்கு அடியில் நகர்த்திவிட்டுப் புத்தகங்களை அடுக்கினேன்.

பிளாஸ்டிக் திராட்சை? சோப்புத் தண்ணீரில் முக்கி முக்கி எத்தனை வருஷம் கழுவியிருப்பேன்! ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வெளியே வைத்தேன். சுமை இறங்கியது மாதிரி இருந்தது.

கடுகு மஞ்சளைச் சுரண்டச் சொல்லிவிட்டு, வெறும் சுண்ணாம்பு அடித்தேன். பளீர் வெள்ளை வேண்டாம் என்று கொஞ்சம் மண் காவி கலந்து. “வருஷம் கழியாம வீட்டுச் சுவத்துல சுண்ணாம்பு படக்கூடாது” என்று மதினி ஃபோனில் சத்தம் போட்டார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஃபோன் கட்டாகிவிட்டது.

இதற்கு நடுவில் ஒன்று புரிந்தது. அந்த இத்தாலிப் பண்ணைக்காரர் வீட்டை எப்படிக் கட்டியிருப்பார்? பக்கத்து மலையில் கிடைத்த கல், பக்கத்துக் காட்டு மரம், பக்கத்து மண்ணில் சுட்ட ஓடு. அவருக்கு அது ஸ்டைல் இல்லை, கைக்குக் கிடைத்தது அதுதான். நாம் என்ன செய்தோம்? அவர் வீட்டின் நிறத்தைக் காப்பியடித்தோம், வழியை விட்டுவிட்டோம். இப்போது எல்லாரும் வேறெந்த ஊரிலிருந்தோ சாம்பல் நிறத்தைக் காப்பியடிக்கிறோம். பதினைந்து வருஷம் கழித்து அதையும் சுரண்டுவோம், வேண்டுமானால் பாருங்கள்.

சரி, என் கைக்குப் பக்கத்தில் என்ன கிடைக்கிறது? இதைக் கேட்டுக்கொண்டபோது சிரிப்பு வந்துவிட்டது. பேண்டேஜ் துணி! யூனிட்டுக்குப் போய், வெளுக்காத துணியில் ஒரு பீஸ் கேட்டேன். யூனிட்டை இப்போது பார்த்துக்கொள்கிற மேஸ்திரி பதறிவிட்டார். “யாருக்குக்கா அடிபட்டிருச்சு?” யாருக்கும் இல்லை, ஜன்னல் திரைக்கு என்றேன். நம்பவில்லை. ஊரே நெய்கிற துணிதான், ஆனால் ஒரு வீட்டிலும் தொங்கிப் பார்த்திருக்க மாட்டீர்கள். காயத்துக்கு உள்ள துணி, வீட்டில் தொங்கவிட்டால் ஆகாது என்று நினைப்பு. நான் தண்ணீரில் அலசி, இரண்டு மடிப்பாகத் தைத்துத் தொங்கவிட்டேன். காலை வெயில் அதில் வடிந்து உள்ளே வந்தபோது, இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருட்டிலா சமைத்துக்கொண்டிருந்தேன் என்றிருந்தது.

மிச்சம் இருந்தது அந்தச் சுவர்தான்.

கொத்தனார் அந்தோணி தம்பி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். “ஜன்னலுக்கு மேல தாங்குத பழைய லிண்டல் உள்ள அப்படியே கெடக்குக்கா. அடைச்ச செங்கல்ல எடுத்தாப் போதும், வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் சாக்பீஸால் பழைய ஜன்னலின் அளவைக் கோடு போட்டார். கோட்டுக்குள் கோபுரம் பாதி வந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

“இத நான் இடிக்க மாட்டேன்க்கா.”

“ஏன் தம்பி?”

“சாமி கோபுரம்லா. சுத்தியல எப்படி வைக்க? நான் வேதக்காரன், கிறிஸ்டியன் வேற. நாளப் பின்ன ஒரு பேச்சு வந்துரும்.”

எனக்கு ஒரு யோசனை வந்தது. “தம்பி, உண்மையச் சொல்லுதேன். அது கோபுரமே இல்ல. சர்ச் மணிக்கூண்டு. அண்ணன் சர்ச்சுதான் வரையச் சொன்னாவ. பெயின்டர் மாத்திட்டாரு” என்றேன்.

அந்தோணி சுவரை மறுபடி உற்றுப் பார்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “சர்ச்சா? அப்ப சுத்தமாத் தொட மாட்டேன்க்கா.”

இதற்கு மேல் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்! இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டோம். செத்த நேரம் கழித்து அவரே, “ஜன்னல ஒரு முழம் குறுக்கிக்கிட்டா என்ன? கோபுரமும் தப்பிச்சிரும், உங்களுக்கு மலையும் தெரியும்” என்றார்.

அப்போதுதான் நானும் கோபுரத்தைச் சரியாகப் பார்த்தேன். இந்த வீட்டில் இத்தாலி மாதிரி இருக்கட்டும் என்று கவனமாகச் செய்ததெல்லாம் பல்லிளித்துவிட்டது. தவறிப் போய் வந்த கோபுரம் மட்டும் இன்றைக்கும் பார்க்கப் பார்க்க அழகாக இருக்கிறது. பிரபு கேட்டால் பொருந்தாது என்பான். சொல்லட்டும். ஜன்னல் குறுகட்டும், கோபுரம் இருக்கட்டும் என்று புதுக் கோடு போட்டோம்.

அந்தோணி உளியை வைக்கப் போகிற நேரம் பார்த்து வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம். மதினி! அன்று சனிக்கிழமை. காலையில் அவர் ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளை (தீபத் திருவண்ணாமலை இல்லை) சேவித்துவிட்டு, துளசியும் கையுமாக நேரே பஸ் ஏறி வந்திருக்கிறார். ஹாலில் நின்று சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஆர்ச்சைப் பார்த்தார். திராட்சையைக் காணோம் என்றதும் முகம் மாறியது.

“ஏட்டி கோமதி... என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? வருஷம் கழியல. அதுக்குள்ள சுண்ணாம்பு அடிச்சாச்சு. ஆஸ்பத்திரித் துணிய நடு வீட்டுல தொங்க விட்டாச்சு. தம்பி அடைச்ச சன்னல இடிக்க ஆளும் கூப்பிட்டாச்சு. யாருக்காகட்டி இம்புட்டும்?”

“எனக்காக மதினி.”

“ஒனக்கா?”

அந்த ஒரு சொல்லை அவர் கேட்ட விதம் இருக்கிறதே... கேலி இல்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. மகனுக்காக என்றால் புரிந்திருக்கும், வரப்போகிற மருமகளுக்காக என்றால் புரிந்திருக்கும். இப்படி ஒரு பதில் இருக்கிறது என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது.

“ஆமா மதினி. நான்தான இங்க இருக்கேன்? நான் பெங்களூருக்கும் போகல, பூட்டியும் போடல. அவிய ஆசைக்கு இத்தன வருஷம் சுவத்தப் பார்த்துச் சாப்பிட்டாச்சு. ஒரு தடவ கேட்டதோட சரி, மறுவார்த்த பேசல. இனி எனக்குச் சன்னல் வேணும்.”

குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லி முடித்தேன். அந்தோணி உளியும் கையுமாக யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். மதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அவ்வளவுதான், போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

“சொன்னாக் கேக்கவா போற? தெறக்கிறதுதான் தெறக்க, மொறையாத் தெற. பக்கத்து வீட்டுல சுமங்கலி எவளாச்சும் இருந்தாக் கூப்பிடு. மஞ்சத் தொட்டு வச்சு மொத அடி அவ அடிக்கட்டும். நாம தொடப்படாது.”

நாம! அந்தச் சொல்தான் என்னை என்னவோ செய்துவிட்டது. எத்தனை கல்யாணம், எத்தனை வளைகாப்பு! எல்லாவற்றிலும் இந்த மதினி சமையல்கட்டுப் பக்கம் நின்றே பார்த்திருக்கிறேன். அவர் பெற்ற மகள் கல்யாணத்திலேயே மணவறைப் பக்கம் வரவில்லை. அவரை யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தானாக ஒதுங்கினார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது ரொம்பச் சாதாரணமாக, பஸ்ஸில் பக்கத்தில் இடம் போடுவது மாதிரி, எனக்கும் அங்கே ஒரு இடம் போட்டுவிட்டார்.

எனக்கு வேண்டாம் அந்த இடம்.

கிச்சனுக்குப் போய் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தேன். என் விரலால் தொட்டுச் சாக்பீஸ் கோட்டுக்குள் வைத்தேன். அந்தோணி கையிலிருந்த சுத்தியலை வாங்கினேன். “அக்கா, பாத்து... வெயிட்டு” என்றார். மதினி, “ஏட்டி, வேண்டாம்டி” என்றார். திட்டுகிற குரல் இல்லை, பயந்த குரல்.

ஓங்கி ஒரு அடி.

சினிமாவாக இருந்தால் சுவர் பொலபொலவென்று உதிர்ந்திருக்கும். எங்கள் சுவரில் உள்ளங்கை அளவுக்குக் காரைதான் பெயர்ந்தது. பாகற்காய்ப் பந்தலிலிருந்து ஒரு குலை காலி. மூன்றாவது அடிக்குத் தோள் பிடித்துக்கொண்டது. அப்புறம் அந்தோணி வாங்கி, தொழில்காரர் கையால் செங்கல் செங்கலாக எடுத்தார். மதினி வீடு முழுக்கப் பறந்த தூசியைத் திட்டிக்கொண்டே சாமான்களின் மேல் பழைய சேலையைப் போர்த்தினார். வேலை ஓடிக்கொண்டிருக்கிற வீட்டில் சும்மா நிற்க அவருக்குத் தெரியாது.

ஒரு செங்கல் வெளிப்பக்கமாகச் சரிந்தபோது முதலில் வந்தது காற்று. அப்புறம் தெரிந்தது தென்னை மட்டை ஒன்று. அப்புறம்... நான் வர்ணிக்கப் போவதில்லை. மலை அங்கேயேதான் இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் இருந்தபோதே இதைச் செய்திருக்கலாமே என்றும் இருந்தது. அவர் இதைப் பார்த்திருந்தால், அந்தக் கோபுரத்துக்குச் சிரித்த மாதிரியே ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார் என்றும் இருந்தது.

ஜன்னல் சட்டம் வர இன்னும் நாளாகும். அதுவரைக்கும் தூசி வராமலிருக்க, மிச்சமிருந்த பேண்டேஜ் துணியை அந்த ஓட்டைக்குக் குறுக்கே கட்டினோம். “செவருக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்குக்கா” என்று சொல்லிவிட்டு அந்தோணி கிளம்பினார்.

சாப்பாட்டுக்கு மணி நாலு ஆகிவிட்டது. மேசையைத் துடைத்து, சோறு எடுத்துவைத்தேன். மதினி உட்கார்ந்தார், வேண்டுமென்றே மலைக்கு முதுகைக் காட்டி. சமாதானமாகவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டுமாம். தெரிந்தது. நான் துணியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு எங்கே உட்காரலாம் என்று பார்த்தேன். என் வழக்கமான இடத்திலிருந்து கோபுரத்தின் பாதியும் சுவரும்தான் தெரிந்தன. ஜன்னல் முழுக்கத் தெரிகிற மாதிரி இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான்.

அதிலிருந்த துண்டை எடுத்தேன். மடிப்புக் கலையாமல் பக்கத்து அலமாரியில் வைத்தேன். உட்கார்ந்தேன்.

மதினி கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

“அது தம்பி நாற்காலி.”

“தெரியும் மதினி. அவிய இதுல உக்காந்து மலைப் படத்தப் பார்த்தாவ. நான் மலையப் பார்க்கேன்.”

மதினி கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். அப்புறம் எட்டி, சாம்பார் கரண்டியை எடுத்து என் தட்டில் ஊற்றினார். “ஆறிப்போகுது. தின்னு” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மலையையும்தான்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது பேசிக்கொண்டே வந்தார், வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையில்லை. ராத்திரி பிரபு கூப்பிட்டான். அவன் அத்தை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார் போலிருக்கிறது. “ஏம்மா இப்படிப் பண்ணுத? யாருக்காக?” என்று அவனும் கேட்டான். அதே பதிலைத்தான் சொன்னேன். இரண்டாவது தடவை குரல் நடுங்கவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன்... அந்த நாற்காலி ரொம்ப வசதியாக இருக்கிறது.